வாடகைக்கு விட வீடு வாங்குமுன்

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்க எண்ணும் சகோதர, சகோதரிகளே! அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பழைய வீட்டின் விலை 30 லட்சம்; மாத வாடகை 10,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 1,20,000 வரும். வீட்டு வரி, பழுதுபார்ப்பு, ஆளில்லாத மாதங்கள் என்று 30,000 கழிந்தால் மிஞ்சுவது 90,000. அதாவது 3 சதவீதம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கே 2,70,000 ரூபாய், அதாவது மூன்றாண்டு வருமானம் போய்விடும்.

வட்டிக்கு வாங்கினால் மார்க்கமும் தடுக்கிறது. வரும் வாடகை வட்டிக்கே போதாது. மகள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் வைத்த பணத்தையும் இதில் முடக்காதீர்கள். அவசரத்துக்கு வீடு விலை போகாது.

வாடகை வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. சேர்ந்த வாடகைப் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் 2.5 சதவீதம் கடமை.