டொலமைட் மூட்டைக்குள் ஒரு பழைய கடல்

கவ்வாத்து மலையில் டொலமைட் போடுகிற வேலை நம் எல்லோருக்கும் தெரியும். மூட்டையை அவிழ்த்து, வெள்ளைத் தூளை வாளியில் அள்ளி, நிரை நிரையாய் வீசிக்கொண்டு போவோம். பின்னேரம் வீடு திரும்பும்போது தலைமுடி, புருவம், இடுப்பில் கட்டிய படங்கு எல்லாம் வெள்ளை. பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்.

தேயிலைக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். ஆனால் வருஷக்கணக்காய் உரம் போட்டுப் போட்டு, மழையிலும் கரைந்து, மண் அளவுக்கு மிஞ்சிப் புளித்துப் போகிறது. அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான் டொலமைட். அதில் கல்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. இது பேக்டரியில் கலந்து செய்த மருந்து என்று பலபேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது கல். நமது மாத்தளை மாவட்டத்திலும், கண்டிப் பக்கம் திகனையிலும் நிலத்தை வெட்டி எடுத்து, அரைத்து, மூட்டை கட்டி அனுப்புகிற வெள்ளைக் கல்.

அந்தக் கல் ஒரு காலத்தில் கடலின் அடியில் படிந்த சேறு என்று சொன்னால் நம்புவீர்களா?

வீட்டில் வினாகிரி இருந்தால் ஒரு கரண்டி டொலமைட் தூளில் நாலு சொட்டு விட்டுப் பாருங்க. மெதுவாய் நுரைக்கும். (கண்ணில் தெறிக்காமல் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து செய்யட்டும்.) கடற்கரையில் பொறுக்கிய சிப்பியிலும் சோகியிலும் வினாகிரி விட்டால் இதே மாதிரித்தான் நுரைக்கும். இரண்டிலும் இருக்கிற பொருள் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். மாத்தளையில் வெள்ளைக் கல்லாய் இருப்பது ஏறக்குறைய 200 கோடி வருஷங்களுக்கு முன் ஒரு கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு. பிறகு அது பூமிக்குள்ளே ஆழமாய் அமுக்கப்பட்டு, வெந்து, இறுகி, சலவைக்கல்லாக மாறியது. அந்தக் காலத்தில் சிப்பியும் இல்லை, மீனும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன.

கடற்கரையே பார்க்காத நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்படியிருக்க, கடல் எப்படி மலைமேல் ஏறி வந்தது? அதுதான் இந்தப் பாடம்.

நிலம் நகருமா?

நகரும். பூமியின் மேல்தோடு ஒரே ஓடாக இல்லை. உடைந்த ஓட்டுக்கூரை மாதிரிப் பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. அவற்றைப் புவித்தகடுகள் என்கிறார்கள். கண்டங்களும் கடலின் அடித்தரையும் சேர்ந்துதான் ஒரு தகடு. தகடுகளுக்குக் கீழே உள்ள பாறை கடும் சூட்டில் இருக்கிறது. அது தண்ணீர் போல உருகிக் கிடக்கிறது என்று சிலர் எழுதுவது சரியில்லை. கல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் கோடிக்கணக்கான வருஷத்தில் பாகு போல மெல்ல இழுபடும். அந்த அசைவோடு சேர்ந்து மேலே உள்ள தகடுகளும் நகர்கின்றன. வேகம் எவ்வளவு? நம் விரல் நகம் வளருகிற வேகம், இல்லாவிட்டால் அதைவிடக் கொஞ்சம் கூட.

இரண்டு தகடுகள் விலகினால் நடுவில் புதிய கடலடி உண்டாகும். முட்டினால் ஒன்று மற்றதன் கீழே நுழையும், அல்லது இரண்டும் மடிந்து மலையாக எழும்பும். பக்கம் பக்கமாய் உரசினால் பூமியதிர்ச்சி. மலை மடிவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஒரு பழைய சேலையை மேசையில் நாலாய் மடித்துப் போட்டு இரண்டு பக்கமும் கையால் தள்ளுங்க. நடுவில் எழும்புகிற சுருக்கம்தான் மலை.

இதை முதலில் தைரியமாய்ச் சொன்னவர் அல்பிரட் வேகனர் என்ற ஜேர்மன்காரர். 1912 ல் அவர் கண்ட நகர்வைப் பற்றிப் பேசியபோது பெரிய பெரிய அறிஞர்கள் சிரித்தார்கள். 'கண்டத்தை எது தள்ளுகிறது?' என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இருக்கவில்லை. 1930 ல் கிறீன்லாந்தின் பனியிலே அவர் இறந்து போனார். 1960 களில் கடலடியை அளந்து பார்த்த பிறகுதான் உலகம் அவர் சொன்னதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

நமது பழைய அயலவர்கள்

ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, இந்தியா, அவுஸ்திரேலியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாய் ஒட்டியிருந்தன. அந்தப் பெருங்கண்டத்துக்குப் பெயர் கொண்டுவானா. மத்திய இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரை வைத்து எடுவார்ட் சூயஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் வைத்த பெயர் அது. அதிலே இலங்கை எங்கே இருந்தது தெரியுமா? ஒரு பக்கம் தென்னிந்தியா, இன்னொரு பக்கம் மடகஸ்கார், மற்றப் பக்கம் அந்தாட்டிக்கா. இன்று பனி மூடிய தேசம் அன்று நமக்குப் பக்கத்து லயம்.

இந்தப் பெருங்கண்டம் சேரும்போது நடந்த மோதலில்தான், இன்றைக்கு 61 முதல் 55 கோடி வருஷங்களுக்கு முன், பழைய கடல் நசுங்கி மூடிப்போனது. அதன் சேறும் மணலும் சுண்ணாம்பும் 20 கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்துக்குத் தள்ளப்பட்டு வெந்தன. சுண்ணாம்பு வெந்து சலவைக்கல்லும் டொலமைட்டும் ஆனது. மணல் வெந்து வெள்ளை வெள்ளையான கடினக் கல் ஆனது. களிமண் வெந்து, கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாய்த் தெரிகிற நைஸ் பாறை ஆனது. கான் வெட்டும்போது அலவாங்கில் 'டங்' என்று படுகிறதே, பெரும்பாலும் அந்தப் பாறைதான். மாவட்டத்தின் கிழக்கே எலஹெரப் பக்கம் கிடைக்கும் மாணிக்கக் கற்களும் இதே வேக்காட்டின் பிள்ளைகள். மடகஸ்காரிலும் அதே மாதிரிக் கற்கள் இருக்கின்றன. 1998 ல் அங்கே இலகாக்கா என்ற இடத்தில் நீலக்கல் அகப்பட்டபோது நமது நாட்டு மாணிக்க வியாபாரிகள் பலர் அங்கே போய்க் கடை போட்டார்கள். ஒரே அடுப்பில் வெந்த கற்களைத் தேடித்தான் போயிருக்கிறார்கள்!

இன்னொரு சங்கதி. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கல் உண்டு. கல்கத்தாவில் யோப் சார்ணக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு அந்தக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதனால் அதற்குச் சார்ணக்கைட் என்று பெயராயிற்று. அதே இனக் கல் நமது மலைநாட்டிலும் நிறைய உண்டு. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாய்த் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனை ஆயிரம்! புதுத் தேசம் என்று நினைத்துத்தான் வந்திருப்பார்கள். காலுக்குக் கீழே இருந்த பாறை மட்டும் புதிதல்ல.

நடுவில் இருக்கிற கடல்கூடப் பெரிய பிரிவு அல்ல. இந்தியாவும் இலங்கையும் ஒரே தகட்டில்தான் இருக்கின்றன. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. சுமார் 20,000 வருஷங்களுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தபோது நடந்தே போய் வரலாம்.

கொண்டுவானா உடைந்து, சுமார் 12, 13 கோடி வருஷங்களுக்கு முன் நாம் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரிந்தோம். பிறகு இந்தியாவோடு சேர்ந்து வடக்கே ஓட்டம். ஒரு கட்டத்தில் வருஷத்துக்கு 15 சென்ரிமீற்றர் வேகம். ஏறக்குறைய 5 கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவில் போய் முட்டியது. இமயமலை எழும்பியது. எவரெஸ்ட் உச்சியிலும் கடல் உயிர்களின் எச்சம் உள்ள சுண்ணாம்புக்கல் இருக்கிறது. முட்டிய பிறகும் தள்ளுதல் நிற்கவில்லை. இப்போது வருஷத்துக்கு 5 சென்ரிமீற்றர் அளவில் நாடு முழுவதும் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. நம் மக்கள் இந்த மலைக்கு வந்த 200 வருஷத்தில் 10 மீற்றர். மூன்று காம்பராவின் நீளம்!

நமது மலை எந்த வகை?

நக்கிள்ஸ் மலையை இமயமலை போல நினைக்கக் கூடாது. இமயம் இன்னும் வளருகிற பிள்ளை. நமது மலை கிழவன். மேலே இருந்த 20 கிலோமீற்றருக்கும் அதிகமான பாறையை மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருஷமாய் அரித்துக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சிய அடிப்பாகம்தான் கை முஷ்டி போல நிற்கிறது. றத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் போகிற பாதையில் வெட்டிய கரைகளைப் பாருங்க. அடுக்கு அடுக்கான பாறை சாய்ந்து கிடப்பது நன்றாய்த் தெரியும். அந்தப் பழைய மோதலில் மடிந்த மடிப்புகள் அவை.

சிகிரியாவும் நமது மாவட்டம்தான். அது செத்துப்போன எரிமலையின் தொண்டையில் இறுகிய குழம்பு என்று உல்லாசப் பயணப் புத்தகங்களில் அச்சடித்திருக்கிறார்கள். புவிச்சரிதவியல் படித்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. சுற்றியிருந்த பாறை அரிபட்டுப் போக, உறுதியான பகுதி மட்டும் தனியே நின்றுவிட்டது.

பயப்பட வேண்டியது எதற்கு?

2004 டிசம்பர் 26 ந் திகதி சுனாமி வந்த பிறகு 'இலங்கையிலும் பூமி பிளக்குமா?' என்று எல்லோரும் கேட்டார்கள். சுமாத்திராவுக்கு அருகே நமது தகடு பக்கத்துத் தகட்டின் கீழே நுழைகிறது. அந்த விளிம்பு 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஒரே முறையில் சறுக்கியது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை நமது கிழக்குக் கரையை அடித்து, நாட்டில் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் நமது நாடு விளிம்பில் இல்லை, தகட்டின் நடுவில் இருக்கிறது. அதனால் பெரிய அதிர்ச்சிகள் அரிது. அரிது என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல. 2020 ஓகஸ்ட் 29 லும் நவம்பர் 18 லும் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஹாரகம பக்கம் நிலம் குலுங்கிப் பலர் வீட்டைவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். அவை சிறிய அதிர்வுகள். பல்லேகலையில் உள்ள கருவி அவற்றைப் பதிவு செய்தது.

மலைநாட்டுக்கு வருகிற ஆபத்து வேறு. அது மழையோடு வரும். சாய்ந்த பாறை அடுக்குகளின் மேலே, வெயிலிலும் மழையிலும் உக்கிப்போன மண் தடித்த போர்வையாய்க் கிடக்கிறது. சில இடங்களில் எப்போதோ மேலிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும்தான் மலையடியில் மேடாய் நிற்கும். சமமாய் இருக்கிறதே என்று வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்டியதும் பல தோட்டங்களில் அந்த இடத்தில்தான். மழை ஊறி மண் பாரமாகி, கீழே உள்ள வழுவழுப்பான பாறையில் பிடிப்பு விட்டால், பாறையின் சாய்வுக்கே எல்லாம் இறங்கிவிடும். 2014 ஒக்டோபர் 29 ந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது அப்படித்தான். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டும் இருந்தது. போக வேறு இடம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் எப்படிப் போதும் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி மழையில் மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மலை சில நேரம் முன்கூட்டியே சொல்லும். நிலத்திலோ சுவரிலோ இஸ்தோப்பிலோ புதிய வெடிப்பு, நேராய் நின்ற மரமும் தூணும் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, பீலித் தண்ணீர் சேறாய் வருவது, இருந்த ஊற்று நிற்பது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது. இதில் ஒன்றைக் கண்டாலும் இரவு பகல் பார்க்காமல் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழையைக் கணக்கு வைத்து எச்சரிக்கை தருகிறது. 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். தோட்டத்து மழைமானி ஆபீசில் இருக்கும், இரவில் யார் போய்ப் பார்ப்பது? அடியும் வாயும் ஒரே அகலமான பால்மாத் தகரம் ஒன்று போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அடிமட்டத்தை வைத்து உள்பக்கம் ஏழரை, பத்து, பதினைந்து சென்ரிமீற்றரில் கோடு போடுங்க. மரமோ கூரையோ மறைக்காத வெட்ட வெளியில், தட்டுப்படாமல் கல் அண்டை கொடுத்து வைத்து, தினம் காலை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்க. பெருமழை நாளில் மட்டும் கொட்டாமல், மணிக்கு ஒரு தரம் யாராவது ஒருவர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். பல நாளாய் மழை பெய்து மண் ஊறியிருந்தால் முதல் கோட்டுக்கே மூட்டை கட்டுவது நல்லது.