மஸீஹ் என்னும் பட்டம்

தொழுகையின் கடைசி இருப்பில் அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதிய பின்னர் நாம் நான்கு விஷயங்களை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறோம். அவற்றில் ஒன்று மஸீஹுத் தஜ்ஜாலின் குழப்பம். திருக்குர்ஆனிலோ ஈஸா (அலை) அவர்களுக்கு மஸீஹ் என்னும் பட்டம் 11 இடங்களில் வருகிறது. “நபிக்கும் பொய்யனுக்கும் ஒரே பெயரா?” என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இச்சொல்லின் வேர் நமக்குப் புதிதன்று. உளூவில் ஈரக்கையால் தலையைத் தடவுவதை மஸ்ஹு என்கிறோமே, அதே வேர்தான். தடவுதல், துடைத்தல் என்பது பொருள். எபிரேய மொழியில் இதன் இனச்சொல் எண்ணெய் பூசுவதைக் குறிக்கும். பனூ இஸ்ராயீல்கள் அரசரையும் குருவையும் எண்ணெய் பூசிப் பதவியில் அமர்த்தினர். அவ்வாறு பூசப்பட்டவரே மெசியா. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே கிறிஸ்து. ஆகவே கிறிஸ்து என்பது இயற்பெயரன்று, பட்டமே. தீர்க்கதரிசி, குரு, அரசர் ஆகிய மூன்று பணிகளும் அவரிடம் நிறைவு பெற்றன என்று கிறிஸ்தவ இறையியலார் இதனை விளக்குவர்.

எனினும் பழைய ஏற்பாட்டிலேயே தாலூத், தாவூத் (அலை) ஆகியோரும் பூசப்பட்டவர் எனப்படுகின்றனர். பாரசீக அரசர் கோரேசுக்கும் ஏசாயா 45-ஆம் அதிகாரம் அப்பட்டத்தைத் தருகிறது. எனவே இது இறைவன் தேர்ந்தெடுத்ததைக் காட்டுமேயன்றி, இறைத்தன்மையைக் காட்டாது. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு இச்சொல்லில் இல்லை; தேவகுமாரன் என்னும் கொள்கையிலேதான் இருக்கிறது.

மர்யம் (அலை) அவர்களுக்கு மலக்குகள் நன்மாராயம் கூறியபோதே இப்பட்டம் சொல்லப்பட்டதை ஆலஇம்ரான் 45-ஆம் வசனத்தில் காண்கிறோம். அன்னிஸா 172-ஆம் வசனமோ, அதே மஸீஹை அல்லாஹ்வின் அடிமையென்றே காட்டுகிறது. பட்டமும் உண்டு, அடிமைத்தனமும் உண்டு. ஒன்றை மற்றொன்று அழிப்பதில்லை.

அவர்கள் நோயாளிகளைத் தடவ, அல்லாஹ்வின் அனுமதியால் குணமானதால் இப்பெயர் என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர். தஜ்ஜாலோ ஒரு கண் துடைத்தழிக்கப்பட்டவன். முன்னவர் தடவியவர், பின்னவன் துடைக்கப்பட்டவன். சொல் ஒன்று, பொருள் வேறு.

ஆகவே, இதனை மாற்றாரின் சொல்லென்று எண்ணிக் கூச வேண்டாம். கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடம் இதனைப் பரிகசிக்கவும் வேண்டாம். அது நம் நபி ஒருவரின் கண்ணியப் பெயர். இன்றிரவு இஷாவுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, நாம் தினமும் ஓதும் அந்த துஆவின் பொருளைச் சொல்லிக் கொடுப்போமாக! அல்லாஹ்வே நன்கறிந்தவன்.