அக்கரைப் பொது அறிவுப் புத்தகமும் நம்ம பிள்ளைகளும்



ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று எந்த டவுன் புத்தகக் கடைக்குப் போனாலும் சென்னையில் அச்சடித்த தடித்த பொது அறிவுப் புத்தகங்கள் கிடைக்கின்றன. கையில போன் இருக்கிற பிள்ளைகள் அதே கேள்விகளைப் போனிலும் பார்க்கிறார்கள். இவற்றில் அநேகமானவை இந்திய அரசாங்க வேலைப் பரீட்சைகளுக்கென்று எழுதப்பட்டவை. அம்மா கொழுந்தெடுத்த காசில வாங்கிக் குடுத்த புத்தகமாச்சே என்று பிள்ளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் பண்ணுது. பிறகு நம் நாட்டுப் பரீட்சையில் "பாராளுமன்ற உறுப்பினர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால் 543 என்று எழுதிவிட்டு வருது. அது இந்திய மக்களவையின் கணக்கு. இங்கே 225 பேர். அதில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள்.

ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் உத்தியோகம் தவறிப்போகிற உலகம் இது. அதனால் அந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது, எதை எடுப்பது, எதை விடுவது என்று இந்த மாதம் பார்ப்போம்.

அது எந்தப் பரீட்சை?

இந்தியாவில் ஒரே ஒரு அரசாங்கப் பரீட்சை என்று இல்லை. மத்திய அரசாங்கத்தின் பெரிய பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. ஆணைக்குழு, எழுதுவினைஞர் போன்ற பதவிகளுக்கு எஸ்.எஸ்.சி., ரயில்வேக்குத் தனியாக ஒன்று, மாநிலங்களுக்குத் தனித்தனி ஆணைக்குழு என்று பல உண்டு. தமிழ்நாட்டில் இருப்பது டி.என்.பி.எஸ்.சி. அதன் வேர் 1929 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஆணைக்குழுவில் இருக்கிறது. நம் கடைகளுக்கு வரும் தமிழ்ப் புத்தகங்களில் அதிகமானவை இந்த டி.என்.பி.எஸ்.சி.யின் "குரூப் 4" பரீட்சைக்கானவை. பத்தாம் வகுப்புச் சித்தி பெற்றவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகள் அதில் வருகின்றன. நம்ம ஊர்க் கணக்கில் கிராம சேவகர், கிளாக்கர் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வினாத்தாளில் 200 கேள்வி, 3 மணித்தியாலம். 100 கேள்வி தமிழ் மொழியில், 75 பொது அறிவில், 25 கணக்கும் மனத்திறனும். ஒரு கேள்விக்கு 54 செக்கன்தான் கிடைக்கிறது. இந்த வேகப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் நல்லது. வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 20 கேள்வியை 18 நிமிசத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அம்மா அப்பாவுக்குக் கேள்வி விளங்காவிட்டாலும் நேரம் பிடிக்கலாமே.

பிழை விடைக்குப் புள்ளி குறைப்பதும் சில இந்தியப் பரீட்சைகளில் உண்டு. யு.பி.எஸ்.சி. முதல்நிலைப் பரீட்சையிலும் ரயில்வேப் பரீட்சைகளிலும் ஒரு பிழைக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளி போகும். கண்ணை மூடிக்கொண்டு 4 கேள்விக்குக் குறி போட்டால் சராசரியாக ஒன்று சரி வரும், மூன்று பிழைக்கும். கிடைத்த ஒரு புள்ளி அந்த மூன்றிலேயே போய்விடும். ஆனால் நாலு விடையில் ஒன்று நிச்சயமாகப் பிழை என்று தெரிந்து அதை வெட்டிவிட்டால், மிச்சம் மூன்றில் ஒன்றைத் தெரிவது இலாபம்தான். குரூப் 4 இல் இப்படிக் குறைப்பது இல்லை. அதற்குப் பதிலாக "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பரீட்சைக்குப் போகும்போது வினாத்தாளின் முதல் பக்கத்து அறிவுறுத்தலை வாசித்துவிட்டே எழுதத் தொடங்க வேண்டும். ஊகிக்கலாமா கூடாதா என்பது அங்கேதான் இருக்கும்.

சொல்லில் இருக்கும் பொறி

இரண்டு நாட்டிலும் தமிழ்தான். ஆனால் அரசாங்கத் தமிழும் பாடசாலைத் தமிழும் ஒன்று அல்ல. இது தெரியாமல்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இடறி விழுகிறார்கள்.

அவர்கள் குடியரசுத் தலைவர் என்பதை நாம் சனாதிபதி என்கிறோம். அவர்களுக்கு மாநிலம், நமக்கு மாகாணம். அவர்களுக்குத் தேர்வு, மதிப்பெண். நமக்குப் பரீட்சை, புள்ளி. இதெல்லாம் எளிதில் விளங்கிவிடும். நீதிமன்றப் பெயர்தான் ஆபத்து. இந்தியாவில் ஆக மேலே இருப்பது உச்ச நீதிமன்றம். அதற்குக் கீழே மாநிலங்களில் உயர் நீதிமன்றம். இலங்கையில் ஆக மேலே இருப்பதன் பெயரே உயர் நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். "உயர் நீதிமன்றம்" என்ற ஒரே சொல் அங்கே இரண்டாம் படி, இங்கே முதலாம் படி. அந்தப் புத்தகத்தில் படித்ததை அப்படியே இங்கே எழுதினால் விடை தலைகீழாகப் போகும்.

விஞ்ஞானத்திலும் இதே கதை. அவர்களுடைய ஆக்ஸிஜன் நமக்கு ஒட்சிசன். ஹைட்ரஜன் ஐதரசன், நைட்ரஜன் நைதரசன். இயற்பியல் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். தேயிலைச் செடி வெயிலை வாங்கி, தண்ணீரையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து உணவு தயாரிக்கிறதே, அதை நாம் ஒளித்தொகுப்பு என்று படித்தோம். அவர்கள் ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். விசயம் ஒன்றுதான்.

ஆனால் "வேகம்" என்ற சொல்லில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். திசையைப் பார்க்காமல், எத்தனை கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் போனது என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அது வேகம். நமக்கு அது கதி. திசையையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்குத் திசைவேகம், நமக்கு வேகம். அவர்களுடைய முடுக்கம் நம்முடைய ஆர்முடுகல். பிள்ளைகள் ஒரு அப்பியாசக் கொப்பியை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் நம் சொல் என்று எழுதிவந்தால் ஒரு மாதத்தில் நல்ல அகராதி ஆகிவிடும். இதற்குக் காசு குடுத்து ரியூசன் தேவையில்லை.

இலக்கம் எழுதுவதிலும் ஒரு சின்ன வித்தியாசம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரத்தை அவர்கள் 5,25,000 என்று எழுதுவார்கள், நாம் 525,000 என்று எழுதுவோம்.

பழைய புத்தகம், பழைய விடை

பாதி விலைக்குக் கிடைக்குதே என்று பழைய பதிப்பு வாங்குவதில் ஒரு நட்டம் உண்டு. இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை என்ற கேள்வியையே பாருங்கள். 2014 ஜூன் 2 இல் தெலுங்கானா பிரிந்து 29 ஆனது. 2019 அக்டோபர் 31 இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் என்ற நிலை போய், இரண்டு ஒன்றியப் பகுதிகளானது. மாநிலங்கள் 28 ஆயின. 2020 ஜனவரி 26 இல் இரண்டு ஒன்றியப் பகுதிகளை ஒன்றாக்கியதால் ஒன்றியப் பகுதிகள் 8 ஆயின. 2013 ஆம் ஆண்டுப் புத்தகமும் 28 மாநிலம் என்றுதான் சொல்லும், விடையும் சரிதான், ஆனால் அது வேறு 28!

நம் நாட்டிலும் அப்படித்தான். சனாதிபதியின் பதவிக்காலம் 6 ஆண்டு என்று பழைய புத்தகத்தில் இருக்கும். 2015 இல் வந்த 19 ஆவது திருத்தத்தோடு அது 5 ஆண்டாகிவிட்டது. இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் 5 ஆண்டுதான், ஆனால் அவரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தெரிவான உறுப்பினர்களே வாக்களிக்கிறார்கள். நாமோ வரிசையில் நின்று நேராக வாக்குப் போடுகிறோம்.

நம்ம கதையும் கேள்வியாக வரும்

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இரண்டு நாட்டுப் பரீட்சைக்கும் உரிய பாடம். நம் வீட்டுப் பிள்ளை இதில் பிழை விடக்கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் பிரசாவுரிமை இல்லாதவர்களாக ஆனார்கள். 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்து விண்ணப்பம் கேட்டது. ஆனால் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 1964 அக்டோபர் 30 இல் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974 இல் இந்திரா காந்தியோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று பேசியவர்கள் நம் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வினாத்தாளில் வராது. வீட்டில் பெரியவர்கள் சொல்லட்டும்.

இங்கே தங்கியவர்களின் பிரச்சினை முடிய 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் தேவைப்பட்டன. இந்த இரண்டு ஆண்டையும் பிள்ளைகள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968 இல் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு "டான்டீ" என்ற தேயிலைக் கழகமானது. அங்கே உள்ள நம் சித்தப்பா, அத்தை பிள்ளைகள் குரூப் 4 எழுதுகிறார்கள். அவர்கள் இந்தியப் பிரசைகள், எழுதலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மத்திய அரசாங்கப் பரீட்சை அறிவித்தல்களில், இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் நோக்கத்தோடு இலங்கையிலிருந்து போன இந்திய வம்சாவளியினரும் சில பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு இந்திய அரசாங்கம் தருகிற தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்றவைக்கு இந்தியப் பிரசையாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைக் காட்டி, "இங்கேயிருந்தே எழுதலாம், வேலை எடுத்துத் தாறோம், இவ்வளவு காசு கட்டுங்க" என்று யாராவது லயத்துக்கு வந்தால் ஒரு சதமும் குடுக்க வேண்டாம். நகை அடகு வைத்துக் கட்டவும் வேண்டாம். இங்கே வாழும் இலங்கைப் பிரசைக்கு அந்த வரி பொருந்தாது. நமக்குரிய அறிவித்தல் வெள்ளிக்கிழமைகளில் வரும் அரசாங்க வர்த்தமானியில், நாம் கெசட் என்கிறோமே, அதில் தமிழிலேயே வருகிறது. விண்ணப்ப முடிவுத் திகதியைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பயிற்சிக் கேள்விகள்

விடையைக் கையால் மூடிக்கொண்டு செய்யுங்கள். மொத்தம் 9 நிமிசம்.

1. இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதலில் நட்டவர் யார்? எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில்?
2. இந்தியாவில் மிக அதிகமாகத் தேயிலை விளையும் மாநிலம் எது?
3. தொட்டபெட்டா, பிதுருதலாகல. எது உயரம்? எவ்வளவு வித்தியாசம்?
4. உலகின் முதல் பெண் பிரதமர் யார்? இந்தியாவின் முதல் பெண் பிரதமர் யார்?
5. 1964, 1974 ஒப்பந்தங்கள் இரண்டையும் சேர்த்தால் இந்தியாவின் பங்கு எத்தனை பேர், இலங்கையின் பங்கு எத்தனை பேர்?
6. மாகாண சபைகள் அரசியலமைப்பின் எத்தனையாவது திருத்தத்தால் வந்தன? இந்தியாவில் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த திருத்தம் எது?
7. இரண்டு நாட்டின் தேசிய விளையாட்டு எது?
8. இலங்கை மத்திய வங்கியும் இந்திய ரிசர்வ் வங்கியும் தொடங்கிய ஆண்டுகள் எவை?
9. டவுனுக்கு 60 கிலோமீட்டர். பஸ் ஒன்றரை மணித்தியாலத்தில் போனால் அதன் சராசரிக் கதி என்ன?
10. இலங்கையில் மாகாணம் எத்தனை, மாவட்டம் எத்தனை?

விடைகள்

1. ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 1867.
2. அசாம். நீலகிரி இருப்பதால் தமிழ்நாடு என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள்.
3. தொட்டபெட்டா 2,637 மீட்டர், பிதுருதலாகல 2,524 மீட்டர். வித்தியாசம் 113 மீட்டர்.
4. சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960. இந்திரா காந்தி, 1966.
5. இந்தியா 600,000, இலங்கை 375,000. கூட்டினால் 975,000 வர வேண்டும், வராவிட்டால் திரும்பப் பாருங்கள்.
6. இங்கே 13 ஆவது திருத்தம், 1987. அங்கே 73 ஆவது திருத்தம், 1993 இல் நடைமுறைக்கு வந்தது.
7. இலங்கைக்குக் கரப்பந்தாட்டம். இந்தியாவுக்கு ஹொக்கி என்று பல புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. ஆனால் எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று இந்திய அரசாங்கமே 2012 இல் பதில் கொடுத்திருக்கிறது.
8. இலங்கை மத்திய வங்கி 1950, ரிசர்வ் வங்கி 1935.
9. மணிக்கு 40 கிலோமீட்டர். இந்தியப் புத்தகத்தில் இதே கேள்வி "சராசரி வேகம்" என்று இருக்கும்.
10. மாகாணம் 9, மாவட்டம் 25. தமிழ்நாட்டில் மட்டும் 2020 இல் மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன, அதை இங்கே எழுதிவிட வேண்டாம்.