கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு வயது தடையா?

"எண்பது வயதாகிவிட்டது, இனி அறுவைச் சிகிச்சை எதற்கு?" என்று குடும்பத்தினர் தயங்குவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு உச்ச வயது வரம்பு ஏதும் இல்லை. பெரும்பாலோருக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும். முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. ஆகவே, மங்கிய பார்வையால் அன்றாட வாழ்வு எவ்வளவு தடைப்படுகிறது என்பதையே நாங்கள் முதலில் வினவுகிறோம்.

புரை "நன்றாக முற்றட்டும்" எனக் காத்திருப்பது பழைய வழக்கம். மிகவும் முற்றிய புரை கடினமாகி அறுவையைச் சிக்கலாக்கும். சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பையே பாதிக்கும். பிறவிப் புரையுள்ள குழந்தைக்கோ தாமதம் இன்னும் கொடியது. மூளை பார்க்கப் பழகும் பருவம் கடந்துவிட்டால், பின்னர் லென்ஸ் பொருத்தினாலும் முழுப் பார்வை கிட்டுவது அரிது.

அறுவைக்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், விழித்திரை ஆகியவற்றைப் பரிசோதிக்கிறோம். விழித்திரை பழுதுற்றிருப்பின், எவ்வளவு பார்வை திரும்பும் என்பதை முன்னரே விளக்குவோம்.

புராஸ்டேட் வீக்கத்திற்கான டாம்சுலோசின் மருந்து, அறுவையின்போது கண்மணி போதிய அளவு விரியாமல் தடுக்கலாம். அதை முன்பு உட்கொண்டு நிறுத்தியவர்களும் தவறாமல் தெரிவியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.