அரேஞ்சர் கீபோர்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இடக்கை ஒரு கார்டை, அதாவது ஒருசேர ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் கூட்டை, அழுத்தியதும் தாளமும் பேஸும் கிதாரும் அதற்கு இசைந்து பின்னணி வாசிக்கும்படி அமைந்த மின்னணுக் கருவியே அரேஞ்சர் கீபோர்ட். அப்பின்னணியின் முன்வரைவு ‘ஸ்டைல்’ எனப்படும். வீட்டில் பயில்வோர், மெல்லிசைக் குழுவினர், தேவாலயங்களில் வாசிப்போர் எனப் பலரும் இதை நாடினாலும், எதை வாங்குவது என்பது பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களாலேயே முடிவாகிவிடுகிறது.

நம்பிக்கை: டோன்கள், அதாவது பியானோ, வயலின் போன்ற ஒலிவகைகள், எத்தனை கூடுதலோ, கருவி அத்தனை உயர்ந்தது.

உண்மை: யமஹாவின் பிஎஸ்ஆர்-இ373 கருவியில் 622 டோன்கள் உள்ளன, அவற்றுள் 339, பிற இடங்களில் உருவான மிடி கோப்புகள் (எச்சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்புகள் கொண்டவை) பிசகாமல் ஒலிப்பதற்கென்று சேர்க்கப்பட்ட ‘எக்ஸ்ஜி-லைட்’ என்னும் பொதுத் தொகுதியைச் சேர்ந்தவை. ஒரு டோனின் தரம், அசல் கருவியின் ஒலி மென்மையாகவும் வலுவாகவும் வாசிக்கப்பட்டு எத்தனை அடுக்குகளாகப் பதிவாகியுள்ளது என்பதைப் பொறுத்ததாதலால், நன்கு பதிவான ஒரே வயலின் டோன், தட்டையாக ஒலிக்கும் இருபது வயலின் டோன்களைவிடப் பயனுடையது.

இதனினும் முக்கியமானது ‘பாலிஃபனி’, அதாவது ஒரே கணத்தில் கருவி ஒலிக்கச் செய்யக்கூடிய சுரங்களின் உச்ச அளவு. மேற்சொன்ன கருவியில் அது 48. அதே நிறுவனத்தின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 கருவியில் 128. யமஹா ஸ்டைல் ஒன்றில் எட்டுப் பகுதிகள் வரை இருக்கலாம் என்பதாலும், சில டோன்கள் ஒரு விசைக்கே இரண்டு ஒலிகளைச் செலவிடும் என்பதாலும், பின்னணி முழுவீச்சில் ஓடும்போது சுரங்களை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி வலக்கை வாசித்தால் அளவு தீர்ந்து, முன்பு தொடங்கிய சுரங்கள் பாதியில் அறுபடக்கூடும். கடையில் பியானோ டோனை மட்டும் தனியே வாசித்துப் பார்ப்பவருக்கு இக்குறை புலப்படாது; ஸ்டைலை ஓடவிட்டே சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை: விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி மாறும் தொடு உணர்வு இருந்தால் நம் பாடல்களுக்குப் போதும்.

உண்மை: விசைகள் தனித்தனிச் சுரங்களையே தருவதால், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்திற்கு ‘பிட்ச் பெண்ட்’ சக்கரம் இன்றியமையாதது, தொடு உணர்வுடைய பிஎஸ்ஆர்-இ373-இல் அது இல்லை, பிஎஸ்ஆர்-இ473-இல் உண்டு. கர்நாடக இசையைக் கீபோர்டில் முழுக் கச்சேரியாக வாசிக்கும் கே. சத்தியநாராயணன் போன்றோரின் வாசிப்பு, இச்சக்கரத்தை ஆளும் இடக்கையில் எத்துணை நுட்பம் அடங்கியுள்ளது என்பதைக் காட்டுகிறது. அரேஞ்சரிலோ அதே இடக்கை கார்டுகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கையை எடுத்த பின்னும் கடைசிக் கார்டைப் பற்றிக்கொண்டு ஸ்டைல் தொடருமாறு அமைக்க முடிவதால், கார்டு மாறும் இடங்களுக்கு நடுவே சக்கரத்தைத் திருப்பலாம்; இதற்குத் தனிப் பயிற்சி தேவை, எந்த விலைக் கருவியும் அதை ஈடுசெய்யாது.

நம்பிக்கை: 61 விசைகள் கற்போருக்கே; உள் ஸ்பீக்கர் இல்லாத கருவி குறையுடையது.

உண்மை: தொழில்முறைக் கலைஞர்கள் வாசிக்கும் எஸ்எக்ஸ்900, கோர்க் பிஏ1000 ஆகிய இரண்டும் 61 விசைக் கருவிகளே. 2023 வரை யமஹாவின் உச்சநிலைக் கருவியாக இருந்த ஜெனோஸில் உள் ஸ்பீக்கரே கிடையாது, ஏனெனில் மேடையில் ஒலி ‘லைன் அவுட்’ என்னும் ஒலி வெளியீட்டு இணைப்பு வழியாக மிக்சருக்குச் செல்கிறது. வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு உள் ஸ்பீக்கர் வசதியானது என்பது உண்மை.

நம்பிக்கை: ஒரு நிறுவனத்தின் ஸ்டைல் கோப்பு எக்கருவியிலும் ஓடும்.

உண்மை: மிடி பாடல் கோப்பு பொதுவானது, ஸ்டைல் கோப்பு அவ்வாறன்று. கோர்க் கருவிக்கான ஸ்டைல் யமஹாவில் நேரடியாகத் திறக்காது. மென்பொருளால் மாற்றினாலும் டோன்களைப் பெரும்பாலும் மீண்டும் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டிவரும். ஆகவே, ஏற்கெனவே நடைபெறும் குழுவொன்றில் சேரவிருப்பவர், அக்குழுவின் ஸ்டைல்கள் எந்த நிறுவனத்தின் கருவிக்கு உருவாக்கப்பட்டவை என்பதை முதலில் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்வது நல்லது.