காரை ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர், ஊதும் கருவி அளவைக் கூடுதலாகக் காட்டிய பிறகும் சில சமயம் தப்பிவிடுகிறாரே, எப்படி?

பதில்: அங்கே வக்கீல் முதலில் கேட்பது, காரை ஏன் நிறுத்தினீர்கள் என்றுதான். தக்க காரணமின்றி ஒருவரைத் தடுத்து நிறுத்த அரசியலமைப்பின் 4-வது திருத்தம் இடம் தருவதில்லை. கார் கோடு தாண்டி அலைந்தது, சிவப்பு விளக்கில் நிற்காமல் போனது, இரவில் முகப்பு விளக்கு எரியவில்லை என்று குறிப்பாக ஏதாவது ஒன்றைப் போலீஸ்காரர் சொல்லியாக வேண்டும். வெறும் ஊகம் போதாது. உரிமத்தைச் சரிபார்க்க நினைத்த காரையெல்லாம் நிறுத்தக் கூடாது என்று 1979-இல் ‘டெலவேர் எதிர் ப்ரௌஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிறுத்தியதே தவறென்றால், அதன் பிறகு கிடைத்த மூச்சுப் பரிசோதனை முடிவையும் வாக்குமூலத்தையும் ஏற்கக் கூடாது என வக்கீல் மனுப் போடலாம். நீதிபதி ஒப்புக்கொண்டால் வழக்கு பெரும்பாலும் நிற்காது. அதே சமயம், ஒழுங்கான நடைமுறையோடு சாலையில் அமைக்கும் சோதனைச் சாவடிகளை 1990-இல் அதே நீதிமன்றம் அனுமதித்தது.

குடித்து ஓட்டுவது உயிரைப் பறிக்கும் குற்றம். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால், காரணமே சொல்லாமல் நிறுத்தும் அதிகாரம் குடிக்காதவரையும் விட்டுவைக்காது. ஆகவே இந்த விதி அவசியம்.