வறண்ட கிராமங்களில் பொதுத் தோட்டம் அமைக்கும் முறை

நிழலும் பூவும் உள்ள பொதுத் தோட்டம் ஒன்று வேண்டுமென்று விரும்பாத ஊரார் இலர். ஆயினும் இராமநாதபுரம் போன்ற வறண்ட ஜில்லாக்களில், மழைக்காலத்தில் ஆர்வத்துடன் நட்ட கன்றுகள் பங்குனி, சித்திரையில் பட்டுப்போவதைப் பலரும் கண்டிருப்பர். ஊர்ப்பணமும் உழைப்பும் வீணானபின் மறுமுறை எவரும் முன்வருவதில்லை. இது மண்ணின் குற்றமன்று. கன்றை எண்ணியபின் தண்ணீரை எண்ணுவதே குற்றம். தண்ணீரை முதலில் கணக்கிட்டு, அது தாங்கும் அளவுக்கே மரம் வைத்தல் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

இந்த ஜில்லாவின் வருஷ மழை சராசரி சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடும். எனவே தை முதல் ஆனி வரையுள்ள 26 வாரங்களே சோதனைக் காலம். ஒரு கன்றுக்கு வாரம் 20 லிட்டர் வீதம் 50 கன்றுகளுக்கு 1,000 லிட்டர். 26 வாரங்களுக்கு 26,000 லிட்டர் வேண்டும்.

ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீர் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டராகும். அதில் நாலில் ஒரு பங்கே ஓடி வருமென்று கொண்டாலும், அத்தகைய மூன்று மழையில் 75,000 லிட்டர் சேரும். ஆகையால் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை வெட்டுக. தேவைக்கு மும்மடங்கு கொள்ளளவு எதற்கெனில், வெயிலில் ஆவியாவதும் மண்ணில் கசிவதும் மிகுதி. அகலங் குறைத்து ஆழங் கூட்டினால் ஆவியாவது குறையும். பக்கங்களைக் கல்லால் கட்டி, அடியில் களிமண் இட்டு மிதித்து, குழந்தைகளும் கால்நடைகளும் விழாவண்ணம் சுற்றிலும் வேலியிடுதல் அவசியம்.

குடிதண்ணீர் ஊருணியிலிருந்து தோட்டத்துக்கு நீர் எடுத்தல் கூடாது. ஊருணியின் வரத்துக்காலை மறிப்பதும் கூடாது. தோட்டத்துக்கென்று குறிக்கும் நிலம் நீர்வழிப் புறம்போக்கு அன்று என்பதைக் கிராம அதிகாரிகள் அளந்து உறுதிசெய்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். கிணற்று நீர் உவராயிருப்பின் பரிசோதியாமல் பாய்ச்சலாகாது.

நிலத்தைத் திருத்துதல்

சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்குமாதலால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஆடியில் 1 மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை எடுத்து ஆறவிடுக. பின்பு மேல்மண்ணுடன் கண்மாய் வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புக. ஒவ்வொரு குழிக்கும் பள்ளப் பக்கத்தில் பிறைவடிவாக வரப்பிட்டால் மழைநீர் அங்கேயே நின்று வேருக்கு இறங்கும். நடைபாதைகளைச் சற்று உயர்த்தி, அவற்றில் விழும் நீர் மரத்தடிக்கு வடியுமாறு சரிவு கொடுத்தல் நலம்.

மரமும் செடியும்

வேம்பு, புங்கு, வாகை, பூவரசு, புளி ஆகியவை நிழலுக்கு ஏற்றவை. எல்லையில் பனை விதைக்கலாம். சரக்கொன்றையும் ஆவாரையும் கண்ணுக்கு இனிய மஞ்சள் மலர் தரும். ஓரங்களுக்கு ஆடு கடியாத ஆடாதோடையும் நொச்சியும் தகும். அரளி வறட்சியைத் தாங்குமெனினும் அதன் இலை கால்நடைகளுக்கு நஞ்சு; எனவே தவிர்க்க. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் உள்ளதுபோல் கிளுவைப் போத்துகளை ஊன்றினால் அழியாத உயிர்வேலி கிடைக்கும். பசும்புல் தரை நம் சீமைக்கு ஆகாது. அது மரங்களுக்குரிய நீரையெல்லாம் குடித்துவிடும்.

நடவும் பராமரிப்பும்

புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையில் நடுக. ஒவ்வொரு கன்றின் அருகிலும் 10 லிட்டர் கொள்ளும் மட்பானையொன்றைக் கழுத்தளவு புதைத்து, வாரம் இருமுறை நிரப்பி மூடிவைத்தால், நீர் மெல்லக் கசிந்து வேருக்கே சேரும். பானை மெருகு பூசாததாயிருக்க வேண்டும். பனையோலையும் சருகும் கொண்டு மரத்தடியை மூடுக; சருகைக் கூட்டி எரிப்பது பெருந்தவறு. இரண்டாம் வருஷம் நீரைப் பாதியாக்கலாம். மூன்றாம் வருஷம் கடுங்கோடையில் மட்டும் விட்டால் போதும். அதன்பின் மீதமாகும் குட்டை நீரைக் கொண்டு புதுக் கன்றுகள் வைக்கலாம்.

தண்ணீர் விடும் பொறுப்பை ஊர்ப்பொதுவென்று விட்டுவிடாமல், இன்ன கிழமை இன்ன தெருவார் என்று முறைவைத்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். நட்ட 500 கன்றுகள் பட்டுப்போவதைவிட 50 மரங்கள் நிலைத்து நிற்பதே ஊருக்கு லாபம்.